இறந்த தாடை எலும்பை நீல ஒளியில் வெட்டும்போது, எங்கே நிறுத்துவது?

கீழ்த்தாடை (இழையைத் தொடங்கியவர்)

மருந்தினால் வரும் தாடை எலும்பு நசிவுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது, எங்கே தொடங்குவது என்பதில் பெரும்பாலும் குழப்பம் இருப்பதில்லை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். எலும்புப்புரைக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுக்கும் தரும் பிஸ்பாஸ்போனேட் அல்லது டெனோசுமாப் மருந்தை எடுத்துக்கொண்ட ஒருவருக்குத் தாடை எலும்பு எட்டு வாரங்களுக்கு மேல் வெளியே தெரிந்தாலோ, புரை (எலும்பு வரை செல்லும் துளை) வழியாக உள்ளே விட்ட கருவி எலும்பில் முட்டினாலோ, அந்த இடத்தில் கதிர்வீச்சோ புற்றுப் பரவலோ இல்லை என்றும் உறுதியானால், நோயைப் பெயரிட்டுவிடலாம். ஆனால் ஈற்றைத் திறந்து பார்த்தால், செத்த எலும்புக்கும் உயிருள்ள எலும்புக்கும் நடுவே யாரும் கோடு கிழித்து வைத்திருப்பதில்லை.

ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 2003ஆம் ஆண்டில் 36 நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து பல ஆண்டுகள் வரை, கத்தியை எடுக்காமல் வாய் கொப்பளிப்பும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துக் காத்திருப்பதே பொது அறிவுரையாக இருந்தது. வெட்டினால் புண் பெரிதாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இன்று நிலைமை மாறிவிட்டது. அமெரிக்க வாய், முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு நிலைப்பாட்டு அறிக்கை, நோயின் எல்லாப் படிநிலைகளிலும் அறுவை சிகிச்சையை ஏற்கத்தக்க வழியாகவே பார்க்கிறது. ஆகவே வெட்டலாமா என்ற கேள்வி பின்னுக்குப் போய், எதுவரை வெட்டுவது என்ற கேள்வி முன்னுக்கு வந்திருக்கிறது.

இரத்தம் கசியும் வரை சுரண்டு என்பதே நாங்கள் படித்த பாடம். நீல ஒளியில் எலும்பின் ஒளிர்வைப் பார்த்து வெட்டும் முறையைப் பல இடங்களில் இப்போது கையாளுகிறார்கள். அதைப் பழகியவர்கள் இரண்டு செய்திகளைச் சொன்னால் உதவியாக இருக்கும்: அந்த ஒளி எதைக் காட்டுகிறது, எந்த இடத்தில் ஏமாற்றுகிறது?

நீலக்கண்ணாடி

கசிவை நம்புவதில் உள்ள சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையின் வெளிப்புறக் கெட்டி எலும்பு நல்ல உயிரோடு இருக்கும்போதும் அதிகமாக இரத்தம் விடுவதில்லை. மறுபுறம், செத்த பகுதிக்குள்ளும் ஓரிரண்டு நாளங்கள் ஊடுருவி நின்று, பர் எனும் சுழல் கருவி பட்டவுடன் கசியக்கூடும். போதாக்குறைக்கு, மரத்துப்போகும் ஊசியில் சேர்க்கும் அட்ரினலின் நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் கசிவை ஒரே சாட்சியாக நிறுத்துவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது.

ஒளிர்வு முறையின் அடிப்படை எளிதானது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கால்சியத்தோடு பிணைந்து, புதிதாகக் கனிமம் படியும் எலும்பில் தங்கிவிடும். நீல ஒளி பட்டால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். இந்தப் பண்பு 1957 முதலே அறியப்பட்டது. எலும்பு எந்த வேகத்தில் வளர்கிறது என்பதை அளக்க, இடைவெளி விட்டு இரண்டு முறை இம்மருந்தைக் கொடுத்து, நுண்ணோக்கியில் இரண்டு ஒளிரும் கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்கும் முறையும் அதிலிருந்தே பிறந்தது. ஜெர்மனியில் பாவுட்கேயும் உடன் பணியாற்றியவர்களும் அதே பண்பைத் தாடைக்குக் கொண்டுவந்து 2009இல் எழுதினார்கள். அறுவைக்கு முன் சுமார் பத்து நாள், நாளொன்றுக்கு இரண்டு வேளை 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். அறுவை மேசையில் நீல ஒளி பாய்ச்சி, வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உயிருள்ள எலும்பு பச்சையாகப் பளிச்சிடும். செத்த எலும்பு மங்கலாகவோ இருளாகவோ கிடக்கும்.

நேரில் அது எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன், ஏனெனில் கட்டுரைகளில் வரும் படங்கள் மிகத் தெளிவானவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவை. பெரிய விளக்கை அணைத்ததும் முதலில் கண்ணைப் பறிப்பது எலும்பு அல்ல, பக்கத்துப் பல்தான். அது எலும்பைவிட வெளிச்சமாகத் தெரியும். காயத்தின் ஓரத்தில் விட்ட காஸ் துணியும் தன் பங்குக்கு ஒளிரும். இவற்றைக் கண் ஒதுக்கப் பழகிய பிறகே, நடுவில் கிடக்கும் எலும்பில் வேறுபாடு பிடிபடும்: ஓரங்களில் பச்சை, உள்ளே செல்லச் செல்லச் சாம்பல், சில இடங்களில் செங்கல் நிறத் திட்டுகள். உருண்டைப் பர்ரால் ஒரு சுற்று எடுத்து, உப்புநீரால் கழுவி, உறிஞ்சி, மீண்டும் விளக்கை அணைத்துப் பார்த்தால், சாம்பல் நிறப் பகுதி சுருங்கியிருக்கும். பச்சை முழுமையாக வரும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். பிறகு கூர்முனைகளை மழுக்கிவிட்டு, எலும்பை மூடிய சவ்வான எலும்புறையோடு சேர்த்து ஈற்றை இழுவிசை இல்லாமல் மூடுகிறோம்.

பர் ஓடும்போது பெரிய விளக்கு எரிய வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். நீல ஒளியிலேயே அறுப்பது வேகமாகத் தெரிந்தாலும், கீழ்த்தாடை நரம்பு ஓடும் இடத்தில் அது வேண்டாத வீரம்.

பட்டமேற்படிப்பு

மாணவர் ஒருவரின் கேள்வி இது. அடிப்படையானதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிஸ்பாஸ்போனேட்டும் டெனோசுமாப்பும் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்குகின்றன. கரைதல் நின்றால் அதைத் தொடர்ந்து வரவேண்டிய புது எலும்பு உருவாக்கமும் குறைந்துவிடும் என்றே படித்திருக்கிறோம். அப்படியானால் இந்த நோயாளிகளின் உயிருள்ள எலும்பிலும் டாக்சிசைக்ளின் ஒட்டிக்கொள்ளப் புதுப் பரப்பு அவ்வளவாக இருக்கக் கூடாதே? பிறகு எப்படித் தாடை முழுவதும் பச்சையாக ஒளிர்கிறது? மருந்து ஒட்டியதால்தான் ஒளிர்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அலைநீளம்

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் மருத்துவர் அல்லன், ஒளியியல் கருவிகளோடு வேலை செய்பவன். ஆகவே ஒளியின் பக்கத்திலிருந்து மட்டும் பதில் சொல்கிறேன்.

எலும்புக்கு மருந்து இல்லாமலேயே ஒளிரும் இயல்பு உண்டு. 400 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளி பட்டால், எலும்பின் புரதச் சட்டகத்திலுள்ள கொலாஜன் இழைகளும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கட்டுகளும் பச்சைப் பகுதியில் ஒளியைத் திருப்பி விடுகின்றன. இதைத் தன்னொளிர்வு என்கிறோம். வாய்ப்புண்களைச் சோதிக்கப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் வெல்ஸ்கோப் என்ற கைக்கருவியும் இதே அலைநீளத்தில்தான் வேலை செய்கிறது. ரிஸ்டோ என்ற ஆய்வாளரும் பாவுட்கேயும் 2014இல் டாக்சிசைக்ளின் கொடுக்காத நோயாளிகளின் எலும்பில் இந்தத் தன்னொளிர்வைக் காட்டி, செத்த பகுதியில் அது குறைந்திருப்பதை எழுதினார்கள். 2017இல் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வும் வந்தது. மருந்து இல்லாத முறை மருந்துள்ள முறைக்குத் தோற்கவில்லை.

ஆகவே உங்கள் ஐயம் பொருத்தமானதே. டாக்சிசைக்ளின் கொடுத்த தாடையில் நாம் பார்க்கும் பச்சையில் ஒரு பங்கு மருந்துடையது, இன்னொரு பங்கு எலும்பின் சொந்தச் சரக்கு. காயத்தைச் சுற்றிய எலும்புறை எரிச்சலுற்று அங்கே புது எலும்பு படியும்போது மருந்தின் பங்கு கூடும். அமைதியாகக் கிடக்கும் பழைய எலும்பில் தன்னொளிர்வின் பங்கே மேலோங்கும். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனெனில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருகின்றன.

செங்கல் நிறத் திட்டுகளையும் விளக்கிவிடலாம். பாக்டீரியாக்கள் சில பார்ஃபிரின் என்ற நிறமியை உண்டாக்குகின்றன. அது நீல ஒளியை வாங்கிக்கொண்டு 630 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிர்கிறது. எனவே சிவப்பு தெரிந்தால் அங்கே கிருமிப் படலம் இருக்கிறது என்று கருத நல்ல காரணம் உண்டு.

ஏமாற்றும் இடங்களில் முதலாவது இரத்தம். ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அருகே ஒளியை வெகுவாக விழுங்கிவிடும். பச்சைப் பகுதியிலும் ஓரளவு விழுங்கும். அதாவது உள்ளே போகும் ஒளிக்கும் தடை, வெளியே வரும் ஒளிக்கும் தடை. மெல்லிய இரத்தப் படலம் மூடினாலே நல்ல எலும்பு இருளாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், பழைய முறையில் உயிரின் அடையாளமாக நாம் தேடிய கசிவே புதிய முறையில் உயிரை மறைக்கும் திரையாகிவிடுகிறது. இரண்டாவது ஆழம். நீல ஒளி திசுவுக்குள் வெகுதூரம் செல்லாது. மேலே மெல்லிய உயிருள்ள எலும்புத் தகடு மூடியிருந்து, கீழே பெரிய செத்த பகுதி ஒளிந்திருந்தால், தகட்டைத் திறக்கும் வரை ஒளி எதையும் சொல்லாது.

கீழ்த்தாடை

அந்த இரண்டாவது குறைக்காகத்தான் சிடி அல்லது கோன் பீம் சிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே படம் இல்லாமல் நாங்கள் தொடங்குவதில்லை. தளர்ந்து பிரிந்த எலும்புத் துண்டு, கெட்டித்துப் போன எலும்பு, எலும்புறை போட்ட புது அடுக்கு ஆகியவை படத்தில் தெரிந்தால், எந்தப் பக்கம் தகட்டைத் திறக்க வேண்டும் என்ற திட்டம் முன்கூட்டியே கையில் இருக்கும். கீழ் விளிம்பில் எவ்வளவு எலும்பு மிஞ்சும், உலோகத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டுமா என்பதற்கும் அதுவே பதில் தரும். ஒளிர்வு இதற்கெல்லாம் மாற்று ஆகாது.

ஐயப்பாடு

எல்லாரும் ஒரே திசையில் பேசுவதால் எதிர்த்திசையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளிர்வு முறையைக் கையாண்டவர்கள் எழுதிய நோயாளித் தொகுப்புகளில் ஈறு மூடி ஆறிய விகிதம் நன்றாக இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே மருத்துவர்கள் அதே நோயாளிகளுக்கு இழுவிசை இல்லாத மூடலையும், பல நாள் ஆன்டிபயாட்டிக்கையும், கூர்முனை மழுக்கலையும், நெருக்கமான பின்கவனிப்பையும் சேர்த்தே செய்தார்கள். வெற்றி விளக்குக்கு உரியதா, தையலுக்கு உரியதா? டாக்சிசைக்ளினே ஓர் ஆன்டிபயாட்டிக் என்பதால், அது சாயமாக வேலை செய்ததா மருந்தாக வேலை செய்ததா என்ற குழப்பமும் கூடுகிறது. கருவி வாங்கும் பணத்தில் நல்ல அறுவைப் பயிற்சி பெறலாம் என்று யாராவது சொன்னால் உடனே மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

நீலக்கண்ணாடி

ஐயப்பாடு அவர்களே, உங்கள் கேள்வியின் முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். இந்த நோயில் மூடல் தோற்றால் மற்ற எல்லாம் தோற்கும். தையல் பிரிந்து எச்சிலும் கிருமியும் எலும்பைத் தொட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு பச்சை வரை வெட்டியிருந்தாலும் பயனில்லை. பழகிய கையும் கண்ணும் உடைய ஒருவர் வெறும் விளக்கிலேயே நல்ல முடிவுகளைப் பெறுகிறார் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் டாக்சிசைக்ளின் பற்றிய குழப்பத்துக்குத் தன்னொளிர்வு முறை ஏற்கெனவே பாதி விடை தந்துவிட்டது. சாயமாக மருந்து கொடுக்காதவர்களுக்கும் அதே எல்லை தெரிகிறது என்றால், எல்லையைக் காட்டுவது மருந்து மட்டும் அல்ல. எனக்கு இம்முறை பயன்படும் இடம் இன்னொன்று: குறைத்து வெட்டுவதில். விளக்கு இல்லாத காலத்தில் ஐயம் வந்தால் இன்னும் கொஞ்சம் எடு என்பதே வழக்கம். அப்படி எடுத்ததில் எவ்வளவு நல்ல எலும்பு என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது நரம்புக்கு அருகில், கசியாத வெளுத்த கெட்டி எலும்பு பச்சையாக ஒளிர்ந்தால் அங்கே நிறுத்தத் துணிவு வருகிறது. அடுத்த தலைமுறை அறுவை மருத்துவருக்குக் கற்பிப்பதும் எளிதாகிறது. என் விரல் நுனி உணர்வை மாணவருக்குக் கடத்த முடியாது, திரையில் தெரியும் நிறத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

திசுப்பலகை

நான் திசு ஆய்வாளர், நீங்கள் வெட்டி அனுப்புவதை நுண்ணோக்கியில் பார்ப்பவள். செத்த எலும்பு என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை விளக்காமல் இந்த விவாதம் முழுமை பெறாது. எலும்புக்குள் செல்கள் வாழும் சிறு குழிகள் உண்டு. அவை வெறுமையாக இருந்தால், அந்த எலும்பு இறந்தது என்கிறோம். விளிம்பு அரிக்கப்பட்டு, சுற்றிலும் பாக்டீரியாத் திரளும், பல நேரங்களில் ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் கொத்துகளும் ஒட்டியிருக்கும்.

இந்நோயில் மாற்றம் படிப்படியானது என்பதே தொல்லை. முற்றிலும் வெறுமையான குழிகள், அடுத்து சில செல்கள் மிஞ்சிய பகுதி, அதற்கடுத்து செல்கள் இருந்தும் சுற்றிலும் அழற்சி நிறைந்த மஜ்ஜை, பிறகே இயல்பான எலும்பு. நீங்கள் மேசையில் பார்க்கும் சாம்பல் நிறம் இந்த நடுப்பகுதிகளில் எதைக் குறிக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. அழற்சி உள்ள பகுதி மங்கலாகத் தெரியலாம். ஆனால் அது மீளக்கூடிய எலும்பாகவும் இருக்கலாம். செத்துச் சில நாளே ஆன எலும்பின் கொலாஜன் சட்டகம் உடனே குலைந்துவிடுவதில்லை என்பதால், அது சற்றே ஒளிர்ந்தும் காட்டலாம். ஒளிர்வு கேட்பது சட்டகத்தின் நிலையை. நான் கேட்பது செல்லின் இருப்பை. இரண்டு கேள்விகளும் நெருக்கமானவை, ஆனால் ஒன்றல்ல.

இன்னொரு காரணத்துக்காகவும் திசுவை அனுப்புங்கள். புற்றுநோய் உள்ளவர்களின் தாடையில் புற்றுப் பரவல், எலும்பு நசிவைப் போலவே வேடமிட்டு வரும். நீல ஒளிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அம்மாவின்_மகள்

மருத்துவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியதால் மாதம் ஒருமுறை டெனோசுமாப் 120 மில்லிகிராம் ஊசி போடப்படுகிறது. கடைவாய்ப் பல் எடுத்த இடம் ஆறாமல் எலும்பு தெரிகிறது. நீல ஒளி வைத்து அறுவை செய்யப் போவதாகவும், அதற்கு முன் டாக்சிசைக்ளின் மாத்திரை எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒளி புற்றைத் தூண்டுமா? மாத்திரை வயிற்றைக் கெடுக்குமா? ஊசியை நிறுத்திவிட வேண்டுமா? கேட்கக் கூச்சமாக இருந்ததால் அங்கே கேட்கவில்லை.

கீழ்த்தாடை

குறுக்கீடு ஒன்றும் இல்லை சகோதரி, இழை உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான். ஆனால் இதே மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அம்மாவின் மருத்துவரிடமும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இதில் எதுவும் இல்லை.

பயன்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. அது எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அன்று. புற்றைத் தூண்டும் என்ற அச்சம் வேண்டாம். டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும் என்பதால், நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்த நிலையில் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயில் பட்டால் தோல் எளிதில் சிவந்து எரியும். அம்மா டெனோசுமாப் ஊசியோடு கால்சியம் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருப்பார். கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கால்சியத்தை நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் இந்த ஊசி இரத்தக் கால்சியத்தைக் குறைக்கும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் ஒவ்வாமை இருந்தால் மாத்திரையே இல்லாமல் தன்னொளிர்வு முறையில் செய்யலாமா என்று கேட்கலாம்.

ஊசியை நிறுத்துவதா, தள்ளிப்போடுவதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். டெனோசுமாப் அப்படித் தங்குவதில்லை, ஆறு மாதத்தில் அதன் ஆற்றல் வடிந்துவிடும். அதனாலேயே அதை நிறுத்துவது எளிது என்று எண்ணக் கூடாது. எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுபவர்கள் திடீரென நிறுத்தும்போது முதுகெலும்பு முறிவுகள் வந்திருக்கின்றன. உங்கள் அம்மாவின் நிலையில், பரவிய புற்று எலும்பை உடைக்காமல் காப்பதும் அதே ஊசிதான்.

பட்டமேற்படிப்பு

இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஊசியில் போட்டு அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பதையும் ஒளிர்வு வழிகாட்டல் என்றே சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

அலைநீளம்

வேறு. அந்தச் சாயம் இரத்த நாளங்களுக்குள் ஓடி, சுமார் 800 நானோமீட்டரில் தூண்டப்பட்டு, அதற்குச் சற்று மேல் ஒளிரும். அது சொல்வது இரத்த ஓட்டத்தை. நாம் இங்கே பேசுவது எலும்பின் சட்டகத்தையும் கனிமப் படிவையும். காயத்தை மூட எடுத்து வைக்கும் திசு மடலுக்கு இரத்த ஓட்டம் போதுமா என்று பார்க்க முதல் வகை உதவும்.

ஐயப்பாடு

நீலக்கண்ணாடி அவர்கள் குறைத்து வெட்டுவதைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிய கோணம், அதை ஏற்கிறேன். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டுமானால், வெட்டிய எலும்பின் அளவையும் விளிம்பின் திசு முடிவையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். ஈறு மூடியதா என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், இன்னும் பத்து ஆண்டுகள் கழித்தும் இதே விவாதத்தை நடத்திக்கொண்டிருப்போம். கதிர்வீச்சுக்குப் பின் வரும் எலும்பு நசிவுக்கும் இதே விளக்கை அப்படியே எடுத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே சுற்றியுள்ள மென்திசுவும் நாளங்களும் கெட்டிருக்கும் என்பதால், எலும்பு பச்சையாகத் தெரிந்தாலும் ஆறும் என்று சொல்லிவிட முடியாது.

திசுப்பலகை

பதிவு செய்வது பற்றிப் பேச்சு வந்ததால், வேலையை எளிதாக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். இருண்ட பகுதி முழுவதையும் பொடிப்பொடியாகச் சுரண்டி ஒரே குப்பியில் போட்டு அனுப்பினால் என்னால் விளிம்பைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. முடிந்தவரை ஒரே துண்டாக எடுத்து, முன்பக்கம் எது, நாக்குப் பக்கம் எது என்று நூல் கட்டி அடையாளமிடுங்கள். பச்சை முழுமையாக வந்தது என்று நீங்கள் முடிவு செய்த பிறகு, அந்தப் படுகையிலிருந்து மிகச் சிறிய துணுக்கு ஒன்றைத் தனிக் குப்பியில், பச்சை விளிம்பு என்று எழுதி அனுப்புங்கள். வெள்ளை ஒளியில் ஒரு படமும் நீல ஒளியில் ஒரு படமும் ஒரே கோணத்தில் எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். எலும்பிலிருந்து கால்சியத்தை நீக்கிய பிறகே மெல்லிய சீவல் எடுக்க முடியும் என்பதால் அறிக்கை சில நாள் தாமதமாகும். டாக்சிசைக்ளின் கோடுகளையும் பார்க்க வேண்டும் என்றால் முன்னதாகவே சொல்லுங்கள். கால்சியத்தை நீக்கினால் அதோடு ஒட்டிய மருந்தும் போய்விடும், அந்தத் துண்டை நான் வேறு வழியில் பதப்படுத்த வேண்டும்.